செத்த நேரம்

உலகத்தில் எல்லா சர்வர்களுக்கும் ராத்திரியில்தான் வைத்தியம் பார்ப்பார்கள். ஊர் தூங்கும்போது நிறுத்தி, ஊர் எழுவதற்குள் ஓடவிட்டுவிட வேண்டும். அந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அமுதவல்லி வேலை பார்த்த இடத்தில் மட்டும் இது தலைகீழ். அங்கே ராத்திரியில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடக் கூடாது. வாடிக்கையாளர்கள் தூங்கினால்தான் அந்த சர்வர்களுக்கு வேலை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் டெல்டா பக்கம் வந்துபோனது. நிறையப் பேரைக் கொன்றது. பிழைத்தவர்களில் சிலரிடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. தூங்கும்போது மூச்சு விடுவது. விழித்திருக்கும்வரை அவர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். கண் அசந்தால் மூச்சு விட மறந்துபோகும். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சில்லு. தூக்கம் வந்ததும் அது திருச்சிக்கு வெளியே இருந்த ஒரு குளிர்பதனக் கட்டடத்துக்குச் சேதி அனுப்பும். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு இல்லாத, கணக்கு மட்டுமேயான இயந்திரம். அது அந்த ஆளின் ரத்தத்தைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, இப்போது இழு, இப்போது விடு என்று சொல்லும். தொண்டைச் சதையையும் அதுவே விரித்துப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை நெஞ்சுக்குள்ளேயே வைத்துவிட முடியாதா என்று முதல் வருடம் எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். மாதாமாதம் பணம் கட்டி உயிரோடு இருப்பவன் என்னத்தைக் கேட்பான்.

அலுவலகத்தில் இதற்கெல்லாம் சொந்தப் பெயர்கள் இருந்தன. ஒரு ஆளுக்கான மெஷின், ‘மூச்சு.’ பல மூச்சுகளைச் சுமக்கும் இரும்பு சர்வர், ‘பெட்டி.’ எந்த மூச்சு எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேலாண்மை சர்வர், ‘கங்காணி.’ அந்தக் கங்காணிக்குத்தான் வயதாகிவிட்டிருந்தது. செய்து விற்றவர்களே கைவிட்ட பழைய பதிப்பு. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. மாற்றியே தீர வேண்டும்.

அமுதாவுக்கு இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. அந்த மூச்சுகளில் ஒன்று அவள் புருஷனுடையது.

சிகாமணி லால்குடியில் மோட்டார் காயில் கட்டுகிறவன். காய்ச்சலுக்கு முன்பு அவன் விடும் குறட்டைக்குப் பயந்து அமுதா தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மெஷின் வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. அளந்து ஊற்றுவது போல மூச்சு சீராக, சத்தமில்லாமல் வரும். கம்பெனி புதிதாக வாங்கிய பெட்டி ஒன்றில் அவனுடைய மூச்சை அவள் கையால் எடுத்து வைத்திருந்தாள். விதிப்படி அப்படிச் செய்யக் கூடாது. எந்த மூச்சு எங்கே என்பது கங்காணியின் முடிவு. ஆனாலும் வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போதே அவனிடம் சொல்லியிருந்தாள். வேலை முடியும்வரை வீட்டுக்கு வரமுடியாது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு முழித்திரு என்று.

“ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எவன்டி தூங்குவான்?”

“தூங்காதீங்க, அவ்வளவுதான். கங்காணியை மாத்துறோம்.”

“கங்காணி இல்லைன்னா என் மூச்சு நின்னுருமா?”

“நிக்காது. கங்காணி இல்லாட்டி ஆளுங்க வேலையை விட்டுட்டா போயிருவாங்க? ஓடுறது பாட்டுக்கு ஓடும்.”

“கங்காணி இல்லைன்னா இன்னும் நல்லா ஓடும். அப்புறம் என்ன பயம்?”

“எவனாவது மயக்கம் போட்டு விழுந்தான்னா தூக்கி விட ஆளு இருக்காது. ஒரு பெட்டி செத்துப்போனா அதுல இருக்குற மூச்சையெல்லாம் வாரி வேற பெட்டியில போடுறது கங்காணிதான். அது இல்லாத நேரத்துல பெட்டி போச்சுன்னா போச்சு.”

சிகாமணி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தான். இயந்திரம் என்றால் அவனுக்கு உடனே புரிந்துவிடும்.

“எவ்வளவு நேரம் இல்லாம இருக்கும்?”

“முன்னெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் கால் மணியாக் கொறைச்சிருக்கேன். பழையவன் வேலையில இருக்கும்போதே புதியவனைப் பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் கத்துக்குடுத்துடுவோம். ஆறு வருஷத்துக் குப்பையை அப்புறமா மெதுவா ஏத்திக்கலாம். கடைசியில பழையவன் எந்திரிப்பான், புதியவன் அதே நாற்காலியில உக்காருவான். அந்த உக்கார்ற நேரம்தான் கால் மணி.”

“நாற்காலி மாத்த கால் மணி நேரமா? எங்க சங்கத் தேர்தல்ல இதைவிடச் சீக்கிரம் மாத்திருவானுங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தேதியைக் குறித்தது பெங்களூரில் இருந்த தலைமையகம். ஞாயிறு காலை பதினோரு மணி. தூங்குகிறவர்கள் எண்ணிக்கை வாரத்திலேயே மிகக் குறைவாக இருக்கும் நேரம் என்று வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வரைபடத்தில் தப்பில்லை. காலண்டரில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. அமுதா மூன்று நாளாகக் கட்டடத்தை விட்டு வெளியே வராமல் புதிய கங்காணிக்குப் பாடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெளியே என்ன கிழமை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கூட இருந்த சகாயம் தூத்துக்குடிக்காரன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். அவன் சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தான்.

“யக்கா, நேத்து ராத்திரி லோடே இல்ல பாத்துக்கிடுங்க. பெட்டியெல்லாம் பச்சத்தண்ணியா கெடந்துச்சி. நல்ல சகுனம்” என்றான் காலையில்.

நல்ல சகுனம்தான். ஒன்பது மணிக்கு அமுதா பார்த்தபோதும் தூங்குபவர்களின் கோடு தரையோடு கிடந்தது. கையெழுத்துப் போட்டாள். பதினோரு மணிக்குப் பழைய கங்காணியை நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகுதான் சுவரில் இருந்த திரையை நிமிர்ந்து பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது.

“சகாயம், இது என்ன?”

“என்னக்கா?”

“தூங்குறாங்கடா. பதினோரு மணிக்கு இத்தனை பேரு எதுக்குத் தூங்குறாங்க?”

சகாயம் எழுந்து வந்து பார்த்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. சகாயத்தின் மேசையில் டீக்கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் பிரிந்து கிடந்தது. அதில் சுண்டல், ஒரு துண்டு தேங்காய், ஒட்டிக்கொண்ட விபூதி.

“இது யாரு குடுத்தா?”

“டீக்கடை அண்ணாச்சி. கோயில் பிரசாதம்னாரு. நேத்து ஏதோ சிவராத்…” என்று சொல்லி அவனே நிறுத்திக்கொண்டான்.

சிவராத்திரி. ஊரே தூங்காமல் இருக்கும் ஒரு ராத்திரி. இந்த நோய்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. அன்று ஒருநாள்தான் அவர்களும் மற்றவர்களும் ஒன்று. நெஞ்சில் சில்லு இருப்பவனும் இல்லாதவனும் பிராகாரத்தில் உட்கார்ந்து விடிய விடிய முழித்திருப்பார்கள். காலையில் குளத்தில் முழுக்குப் போட்டு, பூஜை முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அப்புறம் படுப்பார்கள். படுக்கும் நேரம் சரியாக இதுதான். யாருமே தூங்காத நேரம் என்று தேடித் தேடி, யாருமே தூங்காத ராத்திரிக்கு மறுநாள் காலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

“பழையதை மறுபடி ஏத்திருவோமாக்கா?”

“அதுக்கு இதைவிட ரெண்டு மடங்கு நேரமாகும். முன்னாடியே போவோம்.”

ஓடுகிற மூச்சு ஓடட்டும். பெட்டிகள் நல்ல பெட்டிகள். கால் மணி நேரத்தில் எதுவும் ஆகாது. அமுதா தனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு பெட்டிக்குள் மின்விசிறி ஏறியிறங்கி முனகி அடங்கியது. பெட்டி ஒன்று போய்விட்டது. இருப்பதிலேயே புதியது.

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

“எத்தனை பேருடா அதுல?”

“அறுபது சொச்சம்.” சகாயம் கொஞ்சம் நிறுத்தினான். “அண்ணனும் அதுலதானக்கா?”

அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று அவளே எழுதி வைத்திருந்தாள். பெட்டி விழுந்தால் அதிலிருப்பவர்கள் தூங்குகிறார்களா என்பதும் தெரியாமல் போகும் என்பதால், தானாகப் பேசும் தொலைபேசி ஒன்று வேலை தொடங்கியதிலிருந்தே எல்லோரையும் கூப்பிட்டு, முழித்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொன்னவர் பெயர் திரையில் பச்சை. எடுக்காதவர் மஞ்சள். வீட்டில் வேறு யாராவது எடுத்து ஆள் செத்துப்போய்விட்டார் என்று சொன்னால் கறுப்பு. பெட்டி விழுந்தால் கங்காணி வரும்வரை கையால் ஒவ்வொரு மூச்சாக வேறு பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடமாவது பிடிக்கும். எல்லோருக்கும் நேரம் போதாது. ஆகவே, பச்சையைத் தொடாதே, மஞ்சளுக்கு முதலிடம், கறுப்பு கடைசி. ஏ.சி. அறையில் காபி குடித்துக்கொண்டு எழுதிய விதி.

அவள் ஒரு கையால் சிகாமணியைக் கூப்பிட்டாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போகும்போது அவன் சத்தத்தை அணைத்துவிடுவான். திரும்பவும் கூப்பிட்டாள். அதற்குள் விழுந்த பெட்டியின் பெயர்கள் திரையில் வந்துவிட்டன. பச்சை முக்கால்வாசி. மஞ்சள் பத்துப் பதினைந்து. கறுப்பு ஒன்று.

சிகாமணி, லால்குடி.

சகாயம் அதைப் பார்த்தான். அவள் அதைப் பார்த்ததையும் பார்த்தான்.

“யக்கா, மொதல்ல அண்ணனைப் போடுங்க. எவன் கேக்கப் போறான்?”

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. எல்லா மஞ்சளுக்கும். அவருக்கும்.”

“சொல்லுதேன். நீங்க அண்ணனைப் போடுங்கக்கா.”

“கறுப்பு கடைசி.”

“யக்கா!”

“செத்த ஆளுக்கு மூச்சு எதுக்குடா?” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “மஞ்சளைப் படி.”

சகாயம் படித்தான். மன்னார்குடி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவள் அந்த ஆளின் மூச்சைத் தேடி எடுத்து, பக்கத்துப் பெட்டியில் பதிந்து, ஓடவிட்டாள். அடுத்து துறையூர், ஒரு பூக்காரம்மா. அடுத்து லால்குடியிலேயே இன்னொருவர். அதை அடிக்கும்போது மட்டும் விரல் ஒரு தடவை நின்றது. பிறகு போனது. அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் எழுத்துப் பிழையாகியிருக்கும். கவனமெல்லாம் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றது. நல்ல பெட்டி, நல்ல பெட்டி என்று அவனை அங்கே தூக்கி வைத்தது இந்தக் கைதான். கங்காணியின் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அவன் வேறெங்கோ பழைய தகரத்தில் ஓடிக்கொண்டிருப்பான்.

மஞ்சளில் பாதி முடிவதற்குள் புதிய கங்காணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. கண்ணைத் திறந்ததும் விழுந்து கிடந்த பெட்டியைப் பார்த்தது. மீதி மூச்சுகளை ஒரே தடவையில் வாரி மற்ற பெட்டிகளில் போட்டது. சிகாமணியுடையதையும் போட்டது. கங்காணிக்குக் கறுப்பும் பச்சையும் தெரியாது.

அறையில் ஒருவரும் கைதட்டவில்லை. சகாயம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அமுதா கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அதிர்ந்தது. அதில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு அவள் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர் அவனுடைய தொலைபேசியிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். சகாயம்தான் எடுத்து அவள் காதில் வைத்தான்.

“அமுதா, வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்குதுடி. எனக்காம். பாடியை எடுக்கணும்னு ஸ்ட்ரெச்சரைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்டயே கேக்குறானுங்க. நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான்?”

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை.

“அடியே, இருக்கியா?”

“அந்த மிஷின் போன் வந்துச்சே,” என்றாள் மெதுவாக. “முழிச்சிருக்கீங்களான்னு கேட்டிருக்குமே. என்ன சொன்னீங்க?”

“போன் கையில இருக்கும்போது வந்துச்சு, எடுத்தேன். என்னத்தைச் சொன்னேன்? ராத்திரி பூரா முழிப்பு, இப்பத்தான் சாப்புட்டேன், செத்த நேரம் படுத்துக்கறேன், அப்புறமா கூப்புடுன்னேன்.”

அமுதா கண்ணை மூடிக்கொண்டாள். தானாகப் பேசும் தொலைபேசி அவன் சொன்னதை எழுத்தாக்கி, அதில் ‘செத்த’ என்ற சொல்லைப் பிடித்து, பெயருக்குக் கறுப்பு அடித்திருக்கிறது. மனிதர்கள் எழுதித் தந்த சொற்களைத்தானே அது பார்க்கும்.

“என்னக்கா? என்ன சொல்லுதாரு?”

“செத்த நேரம் படுக்கறேன்னு சொல்லியிருக்காரு.”

“செத்த நேரமா? அப்படின்னா?”

“கொஞ்ச நேரம்டா. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். செத்த நேரம், செத்த இரு.”

சகாயம் அவளையே பார்த்தான். “உங்க ஊருல கொஞ்ச நேரத்துக்கு இதுதான் பேரா? வெளங்கும். இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்க மாட்டேனென்றது. நடுவில் அது வேறாக மாறி மூக்கு வடிந்தது. எதிர்முனையில் சிகாமணி, “எனக்கும் சொல்லுங்கடா, நானும் சிரிக்கிறேன்” என்று கத்திக்கொண்டிருந்தான்.

மற்றவர்களைப் பற்றியும் சேதி வரத் தொடங்கியது. சிலர் திணறி எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பூக்காரம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், பயமில்லை. வாத்தியார் தூங்கவே இல்லை, குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரும் போகவில்லை.

அமுதா முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை மறுபடி எடுத்தாள்.

“நல்லவேளை, படுக்கறேன்னு சொல்லிட்டுப் படுக்காம இருந்தீங்க.”

“யாரு சொன்னா? அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டேன். எங்க தூங்க விட்டா? இந்த ஆம்புலன்ஸ் வர்றதுக்குச் செத்த முன்னாலதான் எதிர் வீட்டு ரோசம்மா கதவை இடிஇடின்னு இடிச்சு எழுப்பிட்டா.”

“எதுக்கு?”

“உள்ள மோட்டாரைப் போட்டுட்டு நான் பாட்டுக்குக் கெடக்கேனாம். தெருவே அதிருதாம், நிறுத்துங்கன்னு கத்துறா. நான் எந்த மோட்டாரைடி போட்டேன்? பட்டறைச் சாவியே உன்கிட்டல்ல இருக்கு.”

அமுதா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அமுதா?”

“சத்தம் எப்படி இருந்துச்சாம்?”

“கர்ருனு ஏறி, எறங்கி, ஏறி, எறங்கியாம். பேரிங் போன மோட்டாராட்டம்.”

அவள் எழுந்து நின்றாள். ஏன் என்று தெரியவில்லை, நின்றாள். மெஷின் மூச்சில் சத்தம் வராது. பெட்டி விழுந்தது முதல் கங்காணி வாரிப் போடும்வரை அவனுக்கு மெஷினே கிடையாது. அவன் தூங்கியிருக்கிறான். தெருவே அதிர்ந்திருக்கிறது.

வருடா வருடம் சிகாமணியைப் பரிசோதிக்கும் டாக்டர் ரெஹானா அதைக் கேட்டுவிட்டு அவனுடைய பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பத்து நாள் கழித்து, திருச்சியில், அவருடைய அறையில்.

“ஆறு வருஷத்துல, மூச்சைப் பார்த்துக்குற மூளைத்தண்டு கொஞ்சம் கொஞ்சமா ஆறியிருக்கலாம். எப்போ ஆறுச்சுன்னு தெரியாது.”

“வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்குறீங்களே டாக்டர்?”

“மெஷினை ஓடவிட்டுத்தான் எடுக்குறோம். நிறுத்திப் பார்த்து ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு? உங்க கம்பெனியும் ஒரு தடவைகூட நிறுத்துனதில்லையே. அதைத்தானே விளம்பரத்துல போடுறீங்க.”

அமுதாவுடைய பதினாறு வருட உத்தியோகமே, எந்தக் கம்பெனியானாலும், சர்வர் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான். ஒன்றரை மணியைக் கால் மணியாக்கினாள். அடுத்த முறை கால் மணியையும் இல்லாமல் செய்ய வழி இருக்கிறது, தலைமையகத்துக்கு எழுதியும் அனுப்பியிருந்தாள். அந்தப் பெட்டி இன்னும் கால் மணி கழித்து விழுந்திருந்தால், கங்காணி சத்தமில்லாமல் வாரிப் போட்டிருக்கும். சிகாமணி சாகும்வரை அந்த மெஷினோடேயே கிடந்திருப்பான். அவனை மாதிரி இன்னும் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பது தெரியாது.

“தெரிஞ்சுக்க ஒரே வழிதான்,” என்றார் டாக்டர். “ஒவ்வொருத்தரா இங்க வரவச்சு, நாங்க பக்கத்துல இருக்கும்போது நிறுத்திப் பார்க்கணும். உங்க ஆபீஸ் ஒத்துக்குமா?”

“ஒத்துக்காது,” என்றாள் அமுதா. “மொதல்ல இவரை நிறுத்துங்க. அப்புறம் நான் பேசிக்கறேன்.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிகாமணியை அங்கேயே ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். விரலில் ஒன்று, நெஞ்சில் நாலு, மூக்கில் ஒன்று என்று ஒயர்கள். நர்ஸ் ஆக்ஸிஜனைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். அமுதா மடிக்கணினியைத் திறந்து அவன் மூச்சைத் திரையில் கொண்டுவந்தாள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“பிரியாணி சாப்புட்ருக்கேன். தூக்கம்தான் வருது.” கொட்டாவி விட்டான். “எவ்வளவு நேரம்டி நிறுத்தப்போற?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் கண் சொருகிவிட்டது. டாக்டர் தலையசைத்தார். அவள் நிறுத்தினாள்.

ஒரு மூச்சு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. நர்ஸ் ஒரு அடி முன்னால் வந்தாள். டாக்டர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அமுதாவின் விரல் மெஷினை மறுபடி ஓடவிடும் பொத்தான்மேல் நின்றது. சிகாமணியின் தொண்டைக்குள் ஏதோ கொழகொழவென்று புரண்டது. பிறகு அந்தச் சத்தம் கிளம்பியது. பேரிங் போன மோட்டார்தான். ரோசம்மா மிகைப்படுத்தவே இல்லை. ஏறி, இறங்கி, ஜன்னல் கண்ணாடியில் மோதி, வராந்தா வரைக்கும் போனது. அங்கே காத்திருந்த யாரோ ஒருவர் சிரித்தார். நர்ஸ் போய்க் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் ரெஹானா திரையைப் பார்த்தார். எல்லா எண்களும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. வெகுநேரம் பார்த்தார். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“போதும்மா. இன்னைக்கு இது போதும். மெஷினைத் திரும்பப் போட்டுடலாமா?”

அமுதா நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“செத்த நேரம் ஓடட்டும் டாக்டர்.”